மெஷின் ரூமுக்கு இருபத்திரண்டு படி

என் வீட்டுக்காரர் முப்பத்தோரு வருஷமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். கூட வேலை செய்கிறவர்கள் அவரைக் ‘காதுக்காரர்’ என்பார்கள். மூடிய லிஃப்ட் கதவில் காதை வைத்தாரானால், உள்ளே எது தேய்கிறது, எது இழுக்கிறது என்று சொல்லிவிடுவார். வீட்டில் நான் கூப்பிட்டால் மட்டும் அந்தக் காது கேட்காது. அது எல்லா வீட்டிலும் உள்ள கதை, விடுங்கள்.

நான் டைப்பிஸ்ட். ஒரு வக்கீல் ஆபீசில் பதினோரு வருஷம் டைப் அடித்தவள். கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் ஒரு எழுத்து தப்பாது. அந்த ஆபீசை மூடிய பிறகு சும்மா கிடந்த என் விரல்களுக்கு வேலை கொடுத்தது இவருடைய கம்பெனிதான். இவர் பொறுப்பில் ஆறு கட்டிடங்கள். மாதாமாதம் ஒவ்வொரு லிஃப்டையும் பார்த்து ஒரு ரிப்போர்ட், ரோப்பைப் படம் எடுத்து ஒரு போட்டோ. ரோப் என்றால் லிஃப்ட் பெட்டியைத் தூக்கிப் பிடித்திருக்கும் இரும்புக் கயிறு. மாதக் கடைசியில் எல்லாவற்றையும் மெயிலில் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். போட்டோவை மட்டும் அவரே தன் போனிலிருந்து கம்ப்யூட்டரில் ஏற்றிப் பெயர் வைப்பார்.

வெட்கக்கேட்டைச் சொல்ல வந்தவள் பெருமையை அளந்துகொண்டிருக்கிறேன். விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு சாயங்காலம் ஆபீசிலிருந்து இன்ஜினியர் தம்பி போன் செய்தார். சின்ன வயசு, தன்மையான பேச்சு. இவரை அண்ணே என்பார், என்னை அண்ணி என்பார்.

“அண்ணே, அடுத்த மாசத்துலேர்ந்து மெயில் வேண்டாம். எல்லாம் கிளவுடுக்கு மாத்தறோம். உங்க கம்ப்யூட்டர்ல நீங்க ஒரு ஃபைலைப் போட்டா போதும், அது தானா எங்க பக்கமும் வந்துடும். பழைய ரிப்போர்ட், போட்டோ எல்லாமே ஏறிடும். தொலைஞ்சு போகுதுங்கற பயமே கிடையாது. ஒண்ணே ஒண்ணு, உங்க ஆபரேட்டிங் சிஸ்டம் ரொம்பப் பழசு. அதை அப்கிரேட் பண்ணாத்தான் இந்த சாஃப்ட்வேர் ஓடும்.”

“பாக்கலாம்பா” என்றார் இவர்.

அந்த ‘பாக்கலாம்’ மூன்று வாரம் ஓடியது. முதலில், அப்கிரேட் செய்தால் பழைய பிரிண்டர் வேலை செய்யாது என்றார். பிறகு, டிஸ்க் அழிந்துபோகும் என்றார். அதற்கும் பிறகு, ஓடுகிற மெஷினைத் தொடக் கூடாது என்று ஒரு தத்துவம் சொன்னார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இத்தனைக்கும் இவர், “இந்தப் பழைய கன்ட்ரோலரை வெச்சுக்கிட்டு ஓட்டாதீங்க சார், உயிர் விஷயம், மாத்துங்க” என்று கட்டிடக்காரர்களோடு சண்டை போடுகிறவர். ஒவ்வொரு நாளும் கம்ப்யூட்டரைத் திறந்ததும் திரையின் மூலையில் ஒரு பெட்டி எழும்பி, புதுசுக்கு மாறச் சொல்லும். இவர் ‘பிறகு நினைவூட்டு’ என்பதை அமுக்கிவிட்டு எழுந்து போவார்.

எனக்கோ மூக்கின் மேல் கோபம். “என்னங்க, உள்ள யாரையாவது ஒளிச்சு வெச்சிருக்கீங்களா?” என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

சரி, இவர் செய்ய மாட்டார், நாமே செய்வோம் என்று கிளம்பினேன். கம்ப்யூட்டர் கடைக்காரர், “முக்கியமானதையெல்லாம் முதல்ல ஒரு பென் டிரைவ்ல காப்பி எடுத்து வெச்சுக்குங்கம்மா, அப்புறம் தைரியமா அப்கிரேட் பண்ணுங்க” என்றார். ஒரு பென் டிரைவ் வாங்கி வந்தேன். இவர் வேலைக்குப் போயிருந்த மத்தியானத்தில் உட்கார்ந்து, ரிப்போர்ட்டுகளைக் காப்பி செய்து முடித்து, போட்டோ ஃபோல்டரைத் திறந்தேன். எல்லாம் சரியாக ஏறுகிறதா என்று பார்ப்பதற்காகப் படங்களைப் பெரிதாக்கி வைத்தேன். கட்டிடம் கட்டிடமாக வரிசை பிடித்து நின்றன. ஐந்து கட்டிடங்களில் படங்கள் மாதத்துக்கு மாதம் வேறு வேறாக இருந்தன. வெளிச்சம் வேறு, கோணம் வேறு. ஆறாவது கட்டிடத்தில், ரோப்புக்குப் பின்னால் சுவரில் ஒரு பல்லி இருந்தது.

அடுத்த மாதமும் அந்தப் பல்லி இருந்தது. அதற்கடுத்த மாதமும் அதே இடத்தில், வாலை அதே மாதிரி வளைத்துக்கொண்டு இருந்தது. எண்ணினேன். பத்தொன்பது மாதம். ஒரே படத்தைப் பத்தொன்பது தடவை காப்பி செய்து, பத்தொன்பது மாதத்தின் பெயரை வைத்திருக்கிறார். 

அந்தக் கட்டிடம் எனக்குத் தெரியும். ஆறு மாடி, பழைய மாதிரி லிஃப்ட். மற்ற ஐந்தும் புது மாதிரி, ஏறிப் பார்க்க எதுவும் இல்லை. இதற்கு மட்டும் மொட்டை மாடியில் தனியாக மெஷின் ரூம். லிஃப்ட் ஆறாவது மாடி வரைதான் போகும். அதற்கு மேல் செங்குத்தான இரும்புப் படி, இருபத்திரண்டு.

ஐந்து மணிக்கு வந்தார். செருப்பைக் கழற்றுவதற்குள் திரையைக் காட்டி, “இந்தப் பல்லி உங்களுக்குத் தெரிஞ்ச பல்லியா?” என்று கேட்டேன்.

முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து வலது முழங்காலின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

“முதல் மாசம் மழை. படி வழுக்கும்னு ஏறல. அடுத்த மாசம் ஏறினேன். எட்டாவது படியில முட்டி மடங்கிடுச்சு. அங்கேயே உக்காந்துட்டேன். அப்புறம் உக்காந்தபடியே ஒவ்வொரு படியா நகர்ந்து இறங்கினேன். நல்லவேளை, யாரும் பாக்கல.”

“அதுக்கு அடுத்த மாசம்?”

“ஏறல.”

“ஆபீஸ்ல சொல்றதுக்கென்ன?”

“என்னன்னு சொல்றது? காதுக்காரனுக்குக் கால் போயிடுச்சுன்னா? ஸ்டோர்ல உக்கார வெச்சு நட்டு போல்ட்டு எண்ணச் சொல்லுவாங்க. ரிட்டயர் ஆக இன்னும் மூணு வருஷம்தானே, ஓட்டிடலாம்னு நெனச்சேன். மாசாமாசம் போகாம இல்ல. கதவு, பட்டன், லைட் எல்லாம் பாத்துட்டுத்தான் கீழ லிஃப்ட் பக்கத்துல இருக்கற நோட்டுல கையெழுத்துப் போட்டேன். கீழேர்ந்து காது வெச்சுக் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். சத்தம் நல்லாத்தான் இருந்தது.”

நான் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. ஏனென்றால் அந்தப் பத்தொன்பது ரிப்போர்ட்டிலும் ‘ரோப் ஆய்வு செய்யப்பட்டது, நல்ல நிலையில் உள்ளது’ என்று அடித்தது என் விரல்கள். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. ஆரம்பத்தில் ஒவ்வொரு மாதமும் அவர் வரிவரியாகச் சொல்வார், நான் புதிதாக அடிப்பேன். ஒரு சாயங்காலம் முழுக்கப் போய்விடும். “ஏங்க, எல்லா மாசமும் ஒரே விஷயத்தைத்தானே சொல்றீங்க? போன மாசத்து ஃபைலைக் காப்பி பண்ணித் தேதியை மாத்தினா வேலை முடிஞ்சுது” என்று இந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். கால்மணி நேரத்தில் ஆறு ரிப்போர்ட் முடித்தேன் என்று பீற்றிக்கொள்ளவும் செய்தேன். ஃபைலுக்கு நான் செய்ததைப் போட்டோவுக்கு அவர் செய்தார்.

இன்னும் ஒன்று. தினமும் அந்த முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டது யார்? நம் வீட்டு மாடிக்குத் துணி காயப்போட ஏற முடியாத மனுஷன் அந்த இரும்புப் படியில் எப்படி ஏறுகிறார் என்று ஒரு தடவையாவது கேட்டிருப்பேனா? கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று உள்ளுக்குள் எனக்குத் தெரிந்திருக்கிறது. பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்கிரேட் செய்யாவிட்டால் இன்ஜினியர் தம்பி விடமாட்டார். செய்தால் பத்தொன்பது பல்லியும் வரிசையாக அவருடைய திரையில் போய் உட்காரும். மெயிலில் மாதத்துக்கு ஒன்றாகப் போனபோது யாருக்கும் தெரியவில்லை. ஒரே இடத்தில் சேர்ந்து நின்றால் குருடனுக்கும் தெரியும்.

இந்த இடத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். நான்தான் சொன்னேன், அவர் இல்லை. “பழசை எல்லாம் பென் டிரைவுக்கு மாத்திட்டு, கம்ப்யூட்டர்ல அழிச்சுடலாம். டிஸ்க் போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம். இந்த மாசத்துலேர்ந்து சுத்தமா ஆரம்பிப்போம். உங்களால ஏற முடியலன்னா நான் ஏறிப் போட்டோ எடுக்கறேன்.” முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒருத்தர் போதாதென்று நானும் கை கொடுத்தேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே, “சரி” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேரும் அந்தக் கட்டிடத்துக்குப் போனோம். லிஃப்டிலேயே ஆறாவது மாடிக்கு ஏறினோம். அவர் சாவியை என் கையில் கொடுத்து, படியடியில் நின்றுகொண்டார். “உள்ள போனதும் வலது பக்கம் பெரிய சுவிட்ச் இருக்கும். முதல்ல அதை இறக்கு. எதையும் தொடாதே. ரோப்பை மட்டும் கிட்டத்துல எடு.” புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினேன். எனக்கே மூச்சு வாங்கியது. அறைக்குள் எண்ணெய் வாசனை. சுவிட்சை இறக்கினேன். மெஷினிலிருந்து நான்கு ரோப்புகள் கீழே தொங்கின. அவற்றுக்கு அடியில் தரையெல்லாம் செம்மண் மாதிரி பொடி. இரண்டு ரோப்புகளில் மெல்லிய கம்பிகள் அறுந்து, முள் முள்ளாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. எனக்கு அதன் அர்த்தம் தெரியாது. படம் எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

போனை வாங்கி விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். மறுபடி பார்த்தார். உதடு வெளுத்துவிட்டது.

“சுவிட்ச் இறக்கித்தானே இருக்கு?”

“ஆமா.”

“அப்படியே இருக்கட்டும். போய்ப் பூட்டிட்டு வந்துடு.”

“ஏங்க, விழுந்துடுமா?”

“உடனே விழாது. நாலு ரோப் இருக்கு, பிடிச்சு நிறுத்த வேற ஏற்பாடும் இருக்கு. ஆனா இந்தத் துருப்பொடி ஒரு நாள்ல வர்றதில்ல. ஏறியிருந்தா ஒரு வருஷம் முன்னாடியே பாத்திருப்பேன்.” பிறகு, “சத்தம் வரவே இல்லயே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

லிஃப்டை நிறுத்தியாயிற்று. இனி இறங்கப் படிதான். ஆறு மாடியும் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். எதிரே வந்தவர்களெல்லாம் நின்று விசாரித்தார்கள். ரோப் தேய்ந்திருக்கிறது, மாற்ற ஐந்து நாள் ஆகும் என்றார். அவர்களோ அவருக்குக் கை கொடுத்துப் பாராட்டினார்கள். “நல்ல நேரத்துல கண்டுபிடிச்சீங்க சார். ஞாயித்துக்கிழமைகூட வந்து பாக்கறீங்களே” என்றார் ஒருவர். போன் செய்து சொன்னபோது இன்ஜினியர் தம்பியும் அதையே சொன்னார். “சூப்பர்ண்ணே. அதான் காதுக்காரர்!” என்றார்.

மறுநாள் திங்கள்கிழமை, அந்தக் கட்டிடத்து ஆறாவது மாடியில் இருக்கும் ஒரு டீச்சருக்குப் பாலும் மாத்திரையும் கொண்டுபோனேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், இதய நோய், படி ஏறக் கூடாது. தங்கையோடு இருக்கிறார். எங்களால் நின்ற லிஃப்ட், அதனால் நான் சுமக்கிறேன் என்று எனக்கு நானே ஒரு சமாதானம். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தர் இல்லன்னா நாங்க என்ன ஆகியிருப்போம்மா? இந்தக் காலத்துல யார் இவ்வளவு பொறுப்பா வேலை பாக்கறா?” நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். “அது அவர் கடமைதானே டீச்சர்” என்று வேறு சொன்னேன். இறங்கும்போது இரண்டாவது மாடியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

அன்று சாயங்காலம் அப்கிரேட் செய்ய உட்கார்ந்தோம். இரண்டு மணி நேரம் ஆயிற்று. கம்ப்யூட்டர் மூன்று தடவை அணைந்து எழுந்தது. பிறகு கம்பெனி சாஃப்ட்வேரை ஏற்றினேன். எந்தெந்த ஃபோல்டரை கிளவுடுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு பட்டியல் காட்டி, ஒவ்வொன்றின் எதிரிலும் டிக் போட்டு வைத்திருந்தது. பழையதை நான் இன்னும் அழிக்கவில்லை. அதன் எதிரில் இருந்த டிக்கை எடுத்தேன்.

அவர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். “அதைப் போடு” என்றார்.

“என்ன சொல்றீங்க? இப்பத்தான் எல்லாரும் தலையில தூக்கி வெச்சு ஆடறாங்க. யாரும் கேக்கப்போறதில்ல. வேலை போயிடும்ங்க. இத்தனை வருஷம் சேர்த்த பேர் போயிடும்.”

“நேத்து ஆறு மாடி இறங்கறதுக்குள்ள எத்தனை பேர் எனக்குக் கை குடுத்தாங்கன்னு பாத்தேல்ல? எனக்கு எங்க போய் ஒளியறதுன்னு தெரியல. இன்னும் மூணு வருஷம் இவங்ககிட்டல்லாம் கை குடுக்கணுமா?”

நான் அசையவில்லை. அவர் குனிந்து மவுசை என் கையிலிருந்து வாங்கினார். என் தோளுக்கு மேலாக எட்டி நகர்த்தினார். அம்பு அந்தச் சின்னக் கட்டத்தைத் தாண்டித் தாண்டிப் போனது. நான்கு தடவை முயன்று டிக்கைப் போட்டார். பச்சைக் கோடு ஒன்று மெல்ல நகர ஆரம்பித்தது. ஒவ்வொரு ஃபைலாகப் போய்க்கொண்டிருந்ததை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நெட் வேகம் குறைவு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் நிறுத்த ஒரு பட்டன் இருந்தது. என் கண் அதன் மேலேயே இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அது முடிந்ததும் இன்ஜினியர் தம்பிக்குப் போன் போட்டு, “ஆறாவது பில்டிங் போட்டோவைத் திறந்து பாருங்க தம்பி” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

காலையில் இன்ஜினியர் தம்பி நேரிலேயே வந்தார். உட்காரச் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்போம்.

“அண்ணே, முட்டி வலி, இந்த ஒரு பில்டிங் முடியலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அங்க மட்டும் வேற ஆளைப் போட்டிருப்பேனே. ஒரு போன்ல முடியற விஷயம்ணே.”

இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “உங்களை மட்டும் சொல்லிக் குத்தமில்ல. பத்தொன்பது மாசமும் மெயில் எனக்குத்தான் வந்துச்சு. வந்துதான்னு பாத்தேன், திறந்து பாக்கல” என்றார் தம்பி. விசாரணை முடியும்வரை இவர் எந்த லிஃப்டையும் தொடக் கூடாது என்ற கடிதத்தைக் கொடுத்தார். இவர் சாவிக் கொத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். முப்பத்தோரு வருஷத்துச் சாவிகள். தம்பியால் அதைப் பையில் போடக்கூட முடியவில்லை, கையிலேயே பிடித்துக்கொண்டு போனார்.

அன்றும் டீச்சருக்குப் பால் கொண்டுபோனேன். வேறு யாராவது சொல்லித் தெரிவதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும் என்று ஆறு மாடியும் மனப்பாடம் செய்துகொண்டே ஏறினேன். கதவைத் திறந்தவர் முந்தின நாள் போலவே என் கையைப் பிடிக்க வந்தார். நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

“டீச்சர், நேத்து நீங்க சொன்னதுக்கு நான் சிரிச்சேன். சிரிச்சிருக்கக் கூடாது. என் வீட்டுக்காரர் பத்தொன்பது மாசமா மேல ஏறவே இல்ல. ஏற முடியல, வெளிய சொல்லவும் இல்ல. எல்லாம் நல்லா இருக்குன்னு மாசாமாசம் எழுதி அனுப்பினது நான்.”

அவர் நீட்டிய கை அப்படியே நின்றது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

“என் தங்கச்சிக்கு லிஃப்டுன்னா உயிர் போற பயம்” என்றார். “ஒரு வருஷம் முன்னாடி இங்க வந்தப்ப படியிலதான் ஏறி இறங்குவா. நான்தான் அவ கையைப் புடிச்சு உள்ள இழுத்து ஏத்தினேன். கீழ நோட்டைக் காட்டினேன். பாரு, மாசாமாசம் வந்து பாத்து கையெழுத்துப் போட்டிருக்காங்க, பயப்படாதேன்னு சொன்னேன். அன்னையிலேர்ந்து தனியா போயிட்டு வர்றா.”

உள்ளேயிருந்து தங்கை எட்டிப் பார்த்தார். டீச்சரைவிட ஒல்லி, சிரித்த முகம். “லிஃப்ட்காரங்க வீட்டம்மாவா? வாங்க, வாங்க. ரோப் மாத்தியாச்சுன்னா இனிமே பயமே இல்லல்ல?” என்று கேட்டார்.

நான் டீச்சரைப் பார்த்தேன். அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் பால் பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, கதவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.

“அவகிட்டயும் நீங்களே சொல்லுங்க” என்றார்.

சொன்னேன்.